வீட்டில் பூட்டிய கார்: வாங்கலாமா?

கார் ஒன்று விலைக்கு வருகிறது. பார்க்க அழகாக இருக்கிறது. பளபளக்கும் சிவப்பு நிறம். இரண்டு பேர் உட்காரலாம். விலையும் மலிவு. "எந்தக் கம்பெனியில் செய்தது?" என்று கேட்டால், விற்கிறவர் சிரிக்கிறார்.

"கம்பெனியா? என் வீட்டுக் கொட்டகையில் நானே பூட்டியது!" என்கிறார்.

இதை நம்பி வாங்கலாமா? மனைவியையோ மகனையோ பக்கத்தில் உட்கார வைத்து ரோட்டில் ஓட்டலாமா? நடுவழியில் போலீஸ்காரர் நிறுத்தினால் என்ன பதில் சொல்வது?

இங்கிலாந்தில் இது வேடிக்கைக் கேள்வி அல்ல. அங்கே இப்படிப்பட்ட கார்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடுகின்றன. வாங்குகிறார்கள், விற்கிறார்கள். சிலர் வாங்கி மகிழ்கிறார்கள். சிலர் வாங்கிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? முதல் ஆள் காகிதங்களைப் பார்த்து வாங்கியவர். இரண்டாவது ஆள் பளபளப்பைப் பார்த்து வாங்கியவர்!

பெட்டியில் வரும் கார்

இந்தக் கார்களுக்குக் "கிட் கார்" என்று பெயர். காரின் பாகங்கள் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வரும். காரின் எலும்புக்கூடான சேசிஸ் வரும். மேலே மூடும் தகடு வரும். நட்டு, போல்ட்டு, ஒயர் எல்லாம் வரும். வாங்கியவர் அவற்றைப் பூட்டிக் காராக்க வேண்டும்.

எல்லாமே புதிதாக வரும் என்று சொல்ல முடியாது. பல கார்களில் என்ஜின், கியர் பெட்டி, சக்கர அச்சு ஆகியவற்றை ஒரு பழைய காரிலிருந்து கழற்றிப் போடுவார்கள். இரும்புக் கடைக்குப் போக வேண்டிய கிழட்டுக் காரின் உறுப்புகள், புது உடம்பில் மறுபிறவி எடுக்கின்றன!

வேலை ஒரு நாளில் முடியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். ஒரு வருடம் ஆகலாம். மூன்று வருடமும் ஆகலாம். அதுவரை கொட்டகையில் நடக்க இடம் இருக்காது. சமையலறை மேஜையில் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்காரியின் பொறுமைக்கும் அது ஒரு சோதனை!

வரி போட்டார்கள், வழி கண்டார்கள்

இந்த வழக்கம் பரவியதற்குக் காரணம் வெறும் பொழுதுபோக்கு ஆசை மட்டும் அல்ல. வரியும் ஒரு காரணம்.

இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1940-ம் ஆண்டில் பிரிட்டிஷ் சர்க்கார் "கொள்முதல் வரி" என்று ஒன்றைப் போட்டது. போர் முடிந்த பிறகும் அந்த வரி போகவில்லை. புதுக் கார் வாங்குகிறவர்கள் அந்த வரியைச் சுமக்க வேண்டியிருந்தது. ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. முழுக் காருக்குத்தான் வரி. பாகங்களாக வாங்கி, சொந்தக்காரரே பூட்டிக்கொண்டால் வரி இல்லை!

இந்தச் சந்தில் புகுந்தவர்களில் பெயர் பெற்றவர் காலின் சாப்மன். அவர் என்ஜினீயரிங் மாணவராக இருந்தபோதே, 1948-ல், ஒரு பழைய ஆஸ்டின் ஏழு காரை மாற்றித் தன் முதல் வண்டியைச் செய்தார். கொட்டகையில் ஆரம்பித்த அந்த வாலிபர்தான் பிறகு லோட்டஸ் கம்பெனியை நிறுவினார். அவருடைய கார்கள் உலக மோட்டார் பந்தயத்தில் 7 முறை தயாரிப்பாளர் பட்டத்தைத் தட்டிச் சென்றன.

1957-ல் லோட்டஸ் ஏழு என்ற சிறிய கார் வெளிவந்தது. முழுக் காராக வாங்கினால், வரியோடு 1,036 பவுன். பாகங்களாக வாங்கினால் 536 பவுன்! ஏறக்குறைய பாதி விலை. சம்பளக்காரனுக்கும் ஸ்போர்ட்ஸ் கார் எட்டியது இப்படித்தான்.

இதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பாகங்களோடு "எப்படிப் பூட்டுவது?" என்ற குறிப்பைக் கொடுத்தால் வரி விழும். அதனால் சாப்மன் "எப்படிக் கழற்றுவது?" என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தாராம். வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கிப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்!

1973 ஏப்ரலில் கொள்முதல் வரி போய், வேறு வரி வந்தது. பாகங்களாக வாங்குகிறவர்களுக்கு இருந்த சலுகையும் போய்விட்டது. அதே ஆண்டில் லோட்டஸ் ஏழு காரைச் செய்யும் உரிமை கேட்டரம் என்ற கம்பெனியிடம் போயிற்று. சலுகை போனதால் கார் செத்ததா? அதுதான் இல்லை! இன்றைக்கும் அந்தக் காரை இங்கிலாந்தில் பெட்டியில் வாங்கிப் பூட்டுகிறார்கள். 1996-ல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுன் செலவிலேயே சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டும் வழியைச் சொல்லி ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்துவிட்டுப் பலர் இரும்புக் குழாய் வாங்கித் தாங்களே பற்றவைக்க ஆரம்பித்தார்கள்.

மிச்சமாகும் பணத்தைவிட, "இதை நான் செய்தேன்" என்று சொல்லும் பெருமைதான் பெரிது என்பது இதிலிருந்து தெரிகிறது. அந்தப் பெருமையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ரோடு அவர் ஒருவருக்குச் சொந்தம் அல்லவே!

பரீட்சை வந்தது

தொழிற்சாலையில் செய்யும் கார் ஒன்றை மோதவிட்டுப் பார்க்கிறார்கள். பிரேக்கைச் சோதிக்கிறார்கள். பிறகுதான் அதே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்கிறார்கள். கொட்டகையில் பிறந்த காரை யார் பார்த்தார்கள்?

நீண்ட காலம் இதை யாரும் சரிவரக் கேட்கவில்லை. 1998-ல் பிரிட்டன் ஒரு முடிவுக்கு வந்தது. வீட்டில் பூட்டிய ஒவ்வொரு காரும் ரோட்டுக்கு வருமுன் சர்க்கார் பரீட்சையில் தேற வேண்டும் என்று கட்டளை பிறந்தது. 2009-ல் அந்தப் பரீட்சை மேலும் கடுமையாகி, புதுப் பெயரும் பெற்றது. "தனி வாகன அங்கீகாரம்" என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஐ.வி.ஏ. என்று அங்கே சுருக்கமாகச் சொல்கிறார்கள். கட்டணம் சில நூறு பவுன்.

என்னென்ன பார்க்கிறார்கள்?

பிரேக் பிடிக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஸ்டீரிங்கைத் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால், சக்கரம் தானாக நேருக்குத் திரும்ப முயல வேண்டும். சீட் பெல்ட்டு மாட்டியிருக்கும் இடம் உறுதியாக இருக்க வேண்டும். விளக்குகள் உரிய உயரத்தில் இருக்க வேண்டும். கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரிய வேண்டும். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் தொங்கக் கூடாது. வேகம் காட்டும் முள், உண்மையான வேகத்துக்குக் குறைத்துக் காட்டக் கூடாது. வண்டியை நிறுத்தி வைத்து என்ஜினை முறுக்கும்போது, புகைக் குழாய் அருகே சத்தம் 99 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது.

புகையையும் அளக்கிறார்கள். பழைய என்ஜினுக்கு அந்தக் காலத்துக் கணக்கு. புது என்ஜினுக்கு இந்தக் காலத்துக் கணக்கு. என்ஜினின் வயதைக் காட்டத் தாள் இல்லையென்றால், கடுமையான கணக்குத்தான் தலையில் விழும்.

இவை எல்லாவற்றையும்விட, பூட்டுகிறவர்கள் அதிகம் முணுமுணுப்பது கூர்முனை பற்றிய விதியைத்தான். 100 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டையை வண்டியின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். அந்த உருண்டை தொடுகிற விளிம்பு ஒவ்வொன்றும் மழுங்கி இருக்க வேண்டும். வளைவு இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தகட்டின் ஓரம், போல்ட்டின் தலை, கண்ணாடியின் தண்டு, ஒன்றும் தப்பாது.

"இரண்டரை மில்லிமீட்டருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. ரோட்டைக் கடக்கும் ஒரு குழந்தையின் மீது அந்த விளிம்பு பட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும். மழுங்கிய முனை என்றால் காயம். கத்தி போன்ற முனை என்றால் உயிர்.

தவறினால் என்ன?

பரீட்சையில் முதல் தடவையே தேறுகிறவர்கள் உண்டு, தவறுகிறவர்களும் உண்டு. தவறியவரை விரட்டிவிடுவதில்லை. எங்கெங்கே குறை என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அவற்றைச் சரிசெய்து திரும்பக் கொண்டுவரலாம். இரண்டாம் முறைக்குக் கட்டணமும் குறைவு.

இந்த முறையில் ஒரு நியாயம் இருக்கிறது. "உனக்கு எதற்கு இந்த வேலை? கம்பெனிக் காரை வாங்கிக்கொள்!" என்று சர்க்கார் சொல்லவில்லை. "செய்துகொள், ஆனால் கொண்டுவந்து காட்டு" என்கிறது. கைத்திறனுக்கும் இடம் இருக்கிறது. ரோட்டில் நடக்கிறவனுக்கும் காப்பு இருக்கிறது.

1998-ல் இந்தப் பரீட்சை வந்தபோது, "கொட்டகைக் கார் இத்தோடு ஒழிந்தது!" என்று சிலர் பயந்தார்கள். ஒழியவில்லை. சேசிஸ் விற்கிற கம்பெனிகள் விதிக்கு ஏற்றபடி பாகங்களைச் செய்யக் கற்றுக்கொண்டன. பூட்டுகிறவர்கள் விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூட்டக் கற்றுக்கொண்டார்கள். முன்பெல்லாம் "நன்றாகத்தான் செய்திருக்கிறேன்" என்று அவரே சொல்லிக்கொள்ள வேண்டும். இப்போது அதைச் சர்க்கார் பரிசோதகர் சொல்கிறார். கெட்டிக்காரத் தொழிலாளிக்கு இது நஷ்டமா, லாபமா?

"பணம் இல்லாதவனுக்கு இந்தக் கட்டணம் பாரம்தானே?" என்று ஒரு கேள்வி எழலாம். பாரம்தான். மறுக்க முடியாது. ஆனால் காருக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறவர், பிரேக்கை ஒருவர் பார்ப்பதற்குச் சில நூறு கொடுப்பது வீண் செலவு ஆகாது.

நம்பரில் இருக்கிறது ஜாதகம்

பரீட்சையில் தேறினால் அங்கீகாரச் சான்று கிடைக்கும். அதைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். பாகங்கள் வாங்கிய ரசீதுகள், பூட்டும்போது எடுத்த படங்கள், பழைய காரின் பதிவுத் தாள் எல்லாம் அப்போது தேவைப்படும்.

எல்லாப் பாகமும் புதிது என்று காட்டினால் புதுக் காருக்குரிய நம்பர் கிடைக்கும். புது சேசிஸில் ஒரு பழைய காரின் முக்கிய உறுப்புகளைப் பூட்டியிருந்தால், அந்தப் பழைய காரின் வயதைக் காட்டும் நம்பர் கிடைக்கலாம். எது எங்கிருந்து வந்தது என்றே காட்ட முடியவில்லையா? அப்போது "கியூ" என்ற எழுத்தில் ஆரம்பிக்கும் நம்பர்! "இந்த வண்டியின் பிறப்போ வயதோ நிச்சயமாகத் தெரியாது" என்பதற்கு அது அடையாளம். இந்த வழக்கம் 1983 முதல் இருக்கிறது.

கியூ நம்பர் குற்றம் அல்ல. அந்தக் கார் ரோட்டில் ஓடலாம். ஆனால் விற்கப் போனால் விலை குறையும். இன்சூரன்சு கம்பெனியும் நாலு கேள்வி கூடுதலாகக் கேட்கும். ஒரு கட்டு ரசீதைத் தொலைத்ததற்கு இவ்வளவு தண்டனை!

அடுத்தவர் பூட்டியதை வாங்கும்போது

தானே பூட்டுகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. எந்தப் போல்ட்டை எவ்வளவு முறுக்கினோம் என்பது அவருக்குத் தெரியும். அடுத்தவர் பூட்டியதை வாங்குகிறவருக்கு அது தெரியாது. வண்டியோடு, முன்பின் அறியாத ஒருவரின் கைவேலையையும் சேர்த்து வாங்குகிறார். அந்தக் கை நிதானமான கையா, அவசரக் கையா?

இங்கேதான் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன.

முதல் பள்ளம், பாதியில் நின்ற கார். பூட்ட ஆரம்பித்தவருக்கு ஆசை தீர்ந்திருக்கும். அல்லது பணம் தீர்ந்திருக்கும். சில சமயம் ஆளே இறந்துபோயிருப்பார். "தொண்ணூறு சதவீதம் வேலை முடிந்துவிட்டது" என்று விற்பார்கள். மிச்சமுள்ள பத்து சதவீதத்தில்தான் ஒயர் வேலையும், பரீட்சையும், பதிவும் இருக்கும்! ரசீதுகள் எங்கே என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். மலிவாக வாங்கிய வண்டி கொட்டகையிலேயே இன்னொரு கிழவனாகப் படுத்துவிடும்.

இரண்டாவது பள்ளம், வேறு காரின் தாளில் ஓடும் கார். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1964-ல் புரூஸ் மேயர்ஸ் என்பவர் கடற்கரை மணலில் ஓட ஒரு கார் செய்தார். போக்ஸ்வாகன் பீட்டில் காரின் உறுப்புகளோடு, கண்ணாடி இழையால் செய்த தொட்டி போன்ற உடல். பீட்டிலின் அடித்தளத்தை வெட்டிக் குட்டையாக்கி, அதன்மேல் உடலைப் பூட்டும் வழக்கம் அப்படித்தான் பரவியது. இந்த "பகி" மோகம் இங்கிலாந்துக்கும் வந்தது. அங்கே பலர் பகியைப் பூட்டிவிட்டு, பழைய பீட்டிலின் பதிவுப் புத்தகத்தையே வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். தாளில் ஒரு கார். ரோட்டில் வேறு கார்!

விஷயம் பதிவு இலாகாவுக்குத் தெரிந்தபோது, பழைய நம்பரை இழந்து, புதிதாகப் பரீட்சைக்குப் போக வேண்டி வந்தவர்கள் உண்டு. தவறு செய்தவர் எப்போதோ விற்றுவிட்டுப் போய்விட்டார். மாட்டிக்கொண்டவர் வாங்கியவர்! பழைய வண்டிகளை மாற்றியமைப்பது பற்றிய விதிகளை 2025 ஆகஸ்டில் சற்றுத் தளர்த்தினார்கள். ஆனாலும் வண்டியை அடியோடு மாற்றிவிட்டு அதை மறைக்கலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

மூன்றாவது பள்ளம் இன்னும் ஆபத்தானது. பரீட்சைக்கு ஒரு ஸ்டீரிங். தேறிய மறுநாள் வேறு ஒரு ஸ்டீரிங்! விளிம்புகளுக்குப் போட்ட ரப்பரைப் பிடுங்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அழகுக்காகப் பெரிய கண்ணாடியைக் கழற்றிச் சிறிய கண்ணாடி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கொட்டகையில் இதைக் கெட்டிக்காரத்தனம் என்று பேசிக்கொள்வார்கள். இது கெட்டிக்காரத்தனம் அல்ல. மாப்பிள்ளை பார்க்க வருகிற அன்றைக்கு மட்டும் இரவல் நகை போட்டுக் காட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சான்றில் இருக்கும் கார் வேறு. விற்கப்படும் கார் வேறு. அடிபட்டால் அந்த மோசம் ரத்தத்தில் வெளிப்படும்.

எதைப் பார்க்க வேண்டும்?

வாங்கப் போகிறவர் என்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்குவதற்கு முன் தாள்களைக் கேட்க வேண்டும்.

பதிவுத் தாளில் காரின் பெயர் என்ன என்று எழுதியிருக்கிறது? எதிரே நிற்பது அதே கார்தானா? சேசிஸில் பொறித்த எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா? 1998-க்குப் பிறகு பூட்டியது என்றால் அங்கீகாரச் சான்று எங்கே? அதற்கு முன் பூட்டியது என்றால், வருடாந்தரச் சோதனைச் சீட்டுகள் எத்தனை வருடத்துக்கு இருக்கின்றன?

அடுத்தது ரசீதுகள். பிரேக் குழாய் புதிதாக வாங்கியதா, பழையதா என்பதை ரசீது சொல்லும். அதற்கும் மேலே, படங்கள். பரிசோதகர் பார்ப்பது முடிந்த காரைத்தான். அவர் தகட்டைப் பிரித்து உள்ளே பார்ப்பதில்லை. தகட்டுக்குப் பின்னால் பற்றவைப்பு எப்படி இருக்கிறது, ஒயர் எப்படிப் போகிறது என்பதைப் பூட்டும்போது எடுத்த படம்தான் காட்டும். ஒழுங்காகப் பூட்டுகிறவர் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வைத்திருப்பார். அவர் கேட்காமலேயே எடுத்து நீட்டுவார். "படமா? அதெல்லாம் எதற்கு?" என்கிறவரிடம் கொஞ்சம் யோசித்துத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், விஷயம் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் பார்க்கச் சொல்வது நல்லது. சான்று என்பது ஒரு நாள் நடந்த பரீட்சையின் முடிவு. அதற்குப் பிறகு வண்டி எத்தனை மழையில் நனைந்ததோ! எத்தனை பேர் ஸ்பானரைப் போட்டார்களோ!

தாள்கள் சரியாக இருந்தால், மெக்கானிக்கும் தலையை ஆட்டினால், வீட்டில் பூட்டிய காரை வாங்குவதில் தவறே இல்லை. அப்படிப்பட்ட காரில் ஒரு மனிதனின் பல வருட உழைப்பு இருக்கிறது. கம்பெனிக் காரில் கிடைக்காத தனி அழகும் இருக்கிறது. தாள் இல்லாத காரை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுவதே நல்லது. வாங்கும்போது மிச்சம் பிடித்த பணம் பரீட்சைக்கும், பழுதுக்கும், வக்கீலுக்கும் போய்ச் சேரும். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தால் அதுவே பாக்கியம்!